மஷிகோவுக்கு வந்த குயவர்

ஜப்பானியத் தலைநகராகிய டோக்கியோவுக்கு வடக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், டோச்சிகி மாகாணத்தில், நெல்வயல்களும் பைன் மரங்கள் அடர்ந்த தாழ்ந்த குன்றுகளும் சூழ அமைந்திருக்கும் மஷிகோ என்னும் சிற்றூரின் பெயரை, மண்ணைப் பிசைந்து வனையும் வித்தையில் ஈடுபட்டவர்கள் உலகத்தின் எந்தப் பகுதியில் வாழ்ந்தாலும் இன்று அறிந்திருக்கிறார்கள். இந்தப் பிரசித்தியைக் கண்டு, அவ்வூர்க் குயவர்கள் தலைமுறை தலைமுறையாக ராஜசபைகளுக்கும் பிரபுக்களின் மாளிகைகளுக்கும் பாத்திரம் செய்து கொடுத்தவர்கள் என்று எவரேனும் எண்ணுவாராயின், அது பெரும் பிழையாகும். இப்போது அங்கே நிலவும் தொழில் 1853-ஆம் ஆண்டில், அதாவது அமெரிக்கக் கடற்படைத் தலைவர் பெர்ரி தம் நீராவிக் கப்பல்களுடன் ஜப்பானியக் கரையில் வந்து நின்ற அதே ஆண்டில், அண்டைப் பிரதேசமாகிய கசாமாவில் வனையக் கற்ற ஒட்சுகா கெய்சபுரோ என்பவர் அங்கே கட்டிய சூளையிலிருந்து தொடங்கியது. அதிலே வெந்தவை எல்லாம் அடுக்களைச் சாமான்களே.

தண்ணீர் நிரப்பி வைக்கும் பெரிய சால்கள், உப்பும் ஊறுகாயும் போட்டு வைக்கும் ஜாடிகள், எள்ளை அரைப்பதற்காக உட்புறம் வரிவரியாகக் கீறப்பட்ட கிண்ணங்கள், தேநீருக்கான கெண்டிகள் ஆகியவை மஷிகோவிலிருந்து கினு நதியின் துறைகளுக்குப் போய், அங்கே படகேறி, எடோ என்று அன்று வழங்கிய டோக்கியோவின் வீடுகளைச் சென்றடைந்தன. இவற்றைச் செய்வதற்கு வேண்டிய பொருள்களைத் தேடி அவ்வூர்க் குயவர் தூரதேசம் போகவில்லை. மண் அவ்வூர் மண். மணல் கலந்து சொரசொரப்பாக இருப்பது. மெல்லியதாக மேலே இழுத்தால் கைக்கு இணங்காமல் தளர்ந்து சரிவது. ஆகையால் கனத்த சுவருடைய பாத்திரங்களுக்கே அது பொருந்திற்று. மெருகுக்கோ, அருகிலே வெட்டி எடுக்கும் ஒருவகைக் கல்லைப் பொடித்துக் கரைத்துக்கொண்டால் போதும். அது சூளைத் தீயில் உருகி, ஜப்பானியர் காகி என்று சொல்லும் பழத்தின் செம்பழுப்பு நிறத்தைக் கொடுத்தது. உமியைச் சுட்ட சாம்பலைச் சேர்த்துக் கரைத்தால் வெண்ணிற மெருகு கிடைத்தது. எரிப்பதற்குக் குன்றின் பைன் மரமே விறகாயிற்று. சுற்றுப்புறம் எதைத் தந்ததோ அதைக்கொண்டு, பட்டணத்து ஏழை எளியவர்களுக்கு என்ன வேண்டுமோ அதைச் செய்து பிழைத்த ஊர் அது.

இப்பாண்டங்களுள் தேநீர்க் கெண்டியைப் பற்றி மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. கெண்டியின் வயிற்றில் வெண்களிக் குழம்பைப் பூசி, அதன்மேல் மலையும் நீரும் மரமும் குடிலும் அடங்கிய காட்சியொன்றைச் சில தூரிகை வீச்சுகளிலே எழுதிவிடுவது மஷிகோவின் சம்பிரதாயம். எழுதியவர்கள் கூலிக்காரர்கள், இத்தனை கெண்டிக்கு இத்தனை காசு என்று எண்ணி வாங்கிக்கொண்டு போனவர்கள். அவர்களுள் மினகவா மசு என்ற பெண்மணி, குழந்தைப் பருவத்திலேயே தூரிகையைக் கையில் எடுத்தவர், ஒரே நாளில் 500 முதல் 1000 கெண்டிகள்வரை எழுதி முடிக்கும் கைவேகம் வாய்க்கப்பெற்றிருந்தார். நாள்தோறும் அத்தனை முறை ஒரே மலையை எழுதிய கைக்கு, அடுத்த கோட்டை எங்கே இழுப்பது என்ற யோசனையே எழாது. அழகு சேர்க்க வேண்டும் என்ற ஆசையும் எழாது. அந்தச் சித்திரங்களில் காணப்படும் உயிரோட்டத்துக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு கழிந்து இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது இத்தொழில் மெலியத் தொடங்கியிருந்தது. நகரத்து அடுக்களைகளில் உலோகப் பாத்திரங்கள் புகுந்தன. குழாய் நீர் வந்த வீட்டுக்குத் தண்ணீர்ச் சால் எதற்கு? மஷிகோவின் சூளைகள் அணைந்துபோகவில்லையாயினும், பட்டணத்துக் கலைரசிகர் எவரும் அவ்வூரைத் திரும்பிப் பார்த்ததில்லை. அத்தகைய ஊரைத் தேடி, கல்வியும் விஞ்ஞானப் பயிற்சியும் லண்டன் நகரத்துப் புகழும் பெற்ற முப்பது வயது இளைஞர் ஒருவர் தாமாக வந்து குடியேறினார் என்றால், அவர் எந்த வழியாக அங்கே வந்து சேர்ந்தார் என்பதை அறிய ஆவல் உண்டாவது இயல்பே.

ஹமாடா ஷோஜி 1894-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் டோக்கியோவை அடுத்த கவாசாகியில் பிறந்தார். குயவர் குலத்தில் பிறந்தவரல்லர். இளமையில் அவருக்கிருந்த ஆசையெல்லாம் சித்திரக்காரராக வேண்டும் என்பதே. ஆனால் பள்ளிப் பருவம் முடியுமுன்பே அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டார். மோசமான சித்திரத்தை வைத்துக்கொண்டு எவரும் ஒன்றும் செய்ய முடியாது. மோசமான பாத்திரமோ ஏதேனும் ஓர் உபயோகத்துக்கு ஆகும் என்று அவர் பிற்காலத்தில் அதற்குக் காரணம் சொன்னதுண்டு. விளையாட்டாகச் சொல்லப்பட்டதாயினும், தன்னை மிகைப்பட மதியாத அந்தப் பேச்சில் அவருடைய சுபாவம் முழுவதும் தெரிகிறது.

1913-இல் அவர் டோக்கியோ உயர்தரத் தொழில்நுட்பப் பள்ளியின் பீங்கான் பிரிவில் சேர்ந்தார். அங்கே ஆசிரியராக இருந்தவர் இதயா ஹஸான். மெல்லிய வெண்பீங்கானில் நுணுக்கமாகச் செதுக்கி, இளநிற மெருகேற்றி, சிறு பழுது கண்டாலும் உடைத்தெறிந்துவிடும் பெரிய கலைஞர். அப்பள்ளியில் மேல்வகுப்பு மாணவராக இருந்த கவாய் கஞ்சிரோ ஹமாடாவுக்கு ஆயுட்காலச் சிநேகிதரானார். மாணவப் பருவத்து நிகழ்ச்சிகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. கின்சா வீதியிலுள்ள ஒரு கடையில் பெர்னார்ட் லீச் என்ற ஆங்கிலேயரும் டொமிமோட்டோ கென்கிச்சி என்ற ஜப்பானியரும் செய்த பாத்திரங்களைக் கண்டு, இக்காலத்து மனிதனும் தன் கையால் இப்படிச் செய்யலாகும் என்ற நம்பிக்கையை அவர் பெற்றது ஒன்று. மஷிகோவின் மலைச்சித்திரக் கெண்டியொன்றைத் தம் ஆசிரியர் ஹஸானின் இல்லத்திலேயே கண்டு மனத்தைப் பறிகொடுத்தது மற்றொன்று. நுட்பத்தின் சிகரத்தில் நின்ற அந்த ஆசிரியர் தம் வீட்டுத் தேநீருக்கு வைத்திருந்தது, கூலிக்கு எழுதப்பட்ட மலிவான கெண்டி! சீடர் இதைக் கண்டு, ஆசிரியரின் பாடங்களைவிட அதிகமாக அதை நினைவில் வைத்துக்கொண்டார்.

1916-இல் பள்ளியை விட்டதும் கியோட்டோ நகரசபையின் பீங்கான் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்கு அமர்ந்தார்; கவாயும் அங்கேதான் இருந்தார். நண்பர்கள் இருவருமாகச் செய்த மெருகுப் பரீட்சைகள் 10,000 என்று சொல்லப்படுகின்றன. இன்ன கல்லில் இவ்வளவு, இன்ன சாம்பலில் இவ்வளவு, செம்பு இவ்வளவு, இரும்பு இவ்வளவு என்று நிறுத்துக் கலந்து, சிறு ஓடுகளில் தடவி, தீயின் உக்கிரத்தையும் காற்றோட்டத்தையும் மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்துக் குறித்துவைத்த வேலை அது. சீனத்தின் பச்சை மெருகையும் கருமெருகையும் செம்பினால் உண்டாகும் செந்நிறத்தையும் வேண்டியபோது வருவித்துக்கொள்ளும் வல்லமை அதனால் கைவந்தது. இவ்வளவு விஷய ஞானமும், பிற்காலத்தில் நாலைந்து மெருகுகளோடு நிறைவடைந்துவிட்ட ஒருவருக்கு வீண் என்று தோன்றலாம். அப்படியன்று, இது இல்லாமல் அந்த நாலைந்தை அவரால் அத்தனை துணிவோடு தேர்ந்திருக்க முடியாது. கையில் இல்லாததை ஒருவர் துறந்தார் என்று சொல்வதில் பொருளில்லை அல்லவா?

லீச் 1887-இல் ஹாங்காங்கில் பிறந்து, 1909-இல் ஜப்பானுக்கு வந்து, 1911-இல் ஒரு தேநீர் விருந்தில் விருந்தினர்கள் தாமே எழுதிய கிண்ணங்கள் கண்முன்னே சூளையில் வெந்து வெளிவரக் கண்டு, அன்றே அவ்வித்தையில் ஆட்பட்டு, ஆறாவது கென்சான் என்னும் பரம்பரைப் பெயர் தாங்கிய குயவரிடம் சீடராக அமர்ந்தவர். 1918-இன் இறுதியில் டோக்கியோவில் நடந்த அவருடைய கண்காட்சியில் ஹமாடா அவரை முதன்முதலாகச் சந்தித்தார். ஆங்கிலம் பேசவும் தெரிந்து, மெருகின் ரசாயனமும் தெரிந்த ஒரு ஜப்பானிய இளைஞர் தம் எதிரே வந்து நின்றது, தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டிருந்த லீச்சுக்குப் பெரும் பாக்கியமாகப் பட்டது. அந்நாளில் அவருடைய சூளை அபிகோ என்ற ஊரில், தத்துவ ஆராய்ச்சியாளரான யனகி சோயெட்சுவின் நிலத்தில் இருந்தது. அங்கே போய்வந்த ஹமாடாவுக்கு யனகியின் சிநேகமும் கிடைத்தது. கொரிய நாட்டுச் சாமானிய மக்களின் பாத்திரங்களில் தாம் கண்ட பேரழகைப் பற்றி இடைவிடாமல் பேசியும் எழுதியும் வந்தவர் யனகி. 1919-இல் அபிகோப் பட்டறை தீக்கிரையாயிற்று. மறு ஆண்டு லீச் தாய்நாடு திரும்பத் தீர்மானித்தபோது, ஹமாடாவும் உடன் கப்பலேறினார்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலின் கடற்கரையிலுள்ள செயின்ட் ஐவ்ஸ் என்ற மீனவர் ஊரில் அவ்விருவரும் 1920-இல் பட்டறை ஒன்றைத் தொடங்கினார்கள். சரிவிலே அறை அறையாக ஏறிச் செல்லும் கீழைநாட்டுச் சூளையை மேல்நாட்டில் முதன்முதலாகக் கட்டியவர்கள் இவர்களே. கட்டியதென்னவோ உண்மை, அது சரியாக எரியவில்லை. செங்கல்லும் தாங்கவில்லை, விறகும் அந்த மரமில்லாத பிரதேசத்தில் போதவில்லை, மண்ணும் எதிர்பார்த்தபடி அமையவில்லை. பின்னர் கியோட்டோப் பக்கத்துக் குயவர் குடும்பத்தைச் சேர்ந்த மட்சுபயாஷி என்ற பொறியறிஞர் ஜப்பானிலிருந்து வந்து, மூன்று அறைகள் கொண்ட புதிய சூளையைக் கட்டிக்கொடுத்த பிறகே நிலைமை சீர்ப்பட்டது. பத்தாயிரம் பரீட்சை செய்த மனிதரும், புதிய மண்ணுக்கும் புதிய விறகுக்கும் முன்னால் மறுபடியும் முதல் வகுப்பு மாணவராகத்தான் உட்கார வேண்டியிருந்தது. மண் சாஸ்திரம் அத்தகையது.

ஆயினும் இங்கிலாந்து அவருக்கு வேறொன்றைக் கற்பித்தது. அந்நாட்டுக் கிராமத்துக் குயவர்கள் பழைய காலத்தில், செம்மண் தட்டுகளில் வெண்களிக் குழம்பை ஊற்றிக் கோடுகளும் வளைவுகளும் இழுத்து, மஞ்சள் மெருகிட்டு, ரொட்டியும் இறைச்சியும் சுடுவதற்காகச் செய்த பாத்திரங்களை அவர் கண்டார். இவை ஆங்கிலேயராலேயே மறக்கப்பட்டவை. அவற்றின் கனத்தையும் தயக்கமற்ற கோட்டையும் கண்டபோது மஷிகோவின் கெண்டி அவர் நினைவுக்கு வந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. டிட்ச்லிங் என்ற கிராமத்தில் எதெல் மெய்ரெட் என்ற நெசவுக் கலைஞரைக் காணச் சென்ற இடத்திலோ, பட்டணத்தை விட்டு ஒதுங்கி, தாமே நூற்றுச் சாயமேற்றி நெய்துகொண்டு, நாட்டுப்புறத்துப் பாத்திரங்களிலே உண்டு, செய்யும் தொழிலும் வாழும் வாழ்க்கையும் வேறுவேறாகப் பிரிந்துவிடாமல் நடத்தும் ஒரு குடும்பத்தைக் கண்டார். தாமும் இப்படி ஒரு நாட்டுப்புறத்தில்தான் இருந்து தொழில் செய்வது என்ற உறுதி அப்போதுதான் அவர் நெஞ்சில் வேரூன்றியது என்று அவரே கூறியிருக்கிறார்.

1923-இல் லண்டன் மாநகரில் பாட்டர்சன் காட்சிசாலையில் நடைபெற்ற அவருடைய கண்காட்சி நல்ல பெயர் பெற்றது. இன்னும் சில ஆண்டுகள் தங்கியிருந்தால் மேல்நாட்டிலேயே பெரும் கீர்த்தி அடைந்திருப்பார். அவ்வாண்டு செப்டம்பர் முதல் தேதி டோக்கியோவும் யோகஹாமாவும் பூகம்பத்தாலும் தீயாலும் அழிந்த செய்தி எட்டவே, பயணத்தை முடித்துக்கொண்டு 1924-இல் தாய்நாடு திரும்பினார். இதே பூகம்பம், உடைந்துபோன லட்சக்கணக்கான அடுக்களைகளுக்குப் புதுப் பாத்திரம் வேண்டியிருந்த காரணத்தால், நலிந்து கிடந்த மஷிகோவின் சூளைகளுக்குக் கொஞ்ச காலம் கைநிறைய வேலை கொடுத்தது.

திரும்பி வந்தவர் முதலில் கியோட்டோவில் கவாயின் வீட்டில் தங்கினார். இங்கிலாந்திலிருந்து தாம் கொண்டுவந்த பழைய தட்டுகளை அவருக்குக் காட்டியதோடு, பூகம்பத்துக்குப் பின் அந்நகருக்கே குடிவந்திருந்த யனகியையும் அவரோடு கூட்டிவைத்தார். முன்பு கவாயின் சீனபாணிப் பாத்திரங்களை வன்மையாகக் கண்டித்திருந்தவர் யனகி. ஆகவே இருவருக்கும் இடையே மனஸ்தாபம் இருந்தது. அது தீர்ந்தது மட்டுமன்று, கவாயின் கலையே அதன்பின் வேறு திசையில் திரும்பிற்று. கற்றவர்களும் கலைஞர்களும் பீங்கான் வியாபாரிகளும் நிறைந்த கியோட்டோவிலேயே ஹமாடா பட்டறை வைப்பார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவரோ மஷிகோவுக்குப் போனார்.

அங்கே அவரை மேளதாளத்தோடு யாரும் வரவேற்கவில்லை. ஆங்கில நாட்டுக் கம்பளியுடை அணிந்து, குலத்தொழிலாக இல்லாத ஒன்றை வலியத் தேடி வந்த பட்டணத்துப் படிப்பாளியை ஊரார் சந்தேகக் கண்ணோடு பார்த்தது இயல்புதானே? சொந்தச் சூளை கட்டிக்கொள்ளும் வசதியும் அப்போது அவருக்கில்லை. சகுமா தோத்தாரோ என்ற இளம் குயவரின் குடும்பத்தார்தாம் தங்கள் பட்டறையில் இடம் கொடுத்தார்கள். சில ஆண்டுகள் அங்கேயே, ஊர்க்காரர்கள் பிசையும் மண்ணிலேயே வனைந்து, அவர்கள் கரைக்கும் மெருகிலேயே தோய்த்து, அவர்கள் எரிக்கும் சூளையிலேயே வைத்துச் சுட்டு வந்தார். மண்ணைச் சலித்து நேர்த்தியாக்கவோ, வேறிடத்து நல்ல மண்ணை வாங்கிக் கலக்கவோ அவர் விரும்பவில்லை. அந்த மண்ணில் எது வருமோ அதையே செய்வது என்று முடிவு செய்துகொண்டார். இந்த முடிவே அவருடைய வளர்ச்சியின் உச்சம் என்று நான் கருதுகிறேன். அதற்குப் பிற்பட்ட ஐம்பது ஆண்டுகளும் இதன் விளைவுகள்.

1924-ஆம் ஆண்டின் இறுதியில் மணம் முடித்துக்கொண்டு, மனைவியுடன் ஒகினாவாத் தீவுக்குச் சென்று, ட்சுபோயா என்ற குயவர் வட்டாரத்தில் குளிர்காலத்தைக் கழித்தார். அதன்பின் பலமுறை அங்கே சென்று, உள்ளூர்க் குயவர்களோடு ஒருவராக இருந்து வேலை செய்தார். அத்தீவில் காற்றுக்குச் சாய்ந்தாடும் கரும்பைக் கண்டு அதைச் சில கோடுகளிலே எழுதினார். தண்டுக்கு ஒரு வீச்சு, தோகைக்கு இரண்டு மூன்று வீச்சு, அவ்வளவே. பிறகு வாழ்நாள் முழுவதும், தட்டிலும் ஜாடியிலும் கிண்ணத்திலும் சதுரக் குப்பியிலும் அந்தக் கரும்பை ஆயிரக்கணக்கான முறை எழுதிவந்தார். புதுமையை நாடும் விமரிசகர்களுக்கு இது சலிப்பாகத் தோன்றிற்று. மசு அம்மையார் தம் மலையை எழுதியது போலவே அவர் தம் கரும்பை எழுதினார் என்று உணர்ந்தவர்களுக்கு அதில் சலிப்புத் தோன்ற நியாயமில்லை.

1930-ஐ ஒட்டிப் பழைய பண்ணைவீடு ஒன்றை வாங்கி, பிரித்துக் கொண்டுவந்து, மஷிகோவில் நிறுத்திக் குடியேறினார். பக்கத்திலே சூளையும் எழுந்தது. பிற்காலத்தில் எட்டு அறைகள் கொண்ட பெரிய சூளையாக அது விரிந்தது. அவர் வேலை செய்யும் முறையை நேரில் கண்டவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். சம்மணமிட்டு உட்கார்ந்து, சக்கரத்தின் விளிம்பிலுள்ள குழியில் கோலைச் செருகிக் கையாலேயே சுழற்றிவிட்டு, அது ஓய்வதற்குள் வனைந்துவிடுவார். நம் நாட்டுக் குயவர்களுக்கு இது புதிய முறையன்று. சக்கரம் மெல்லச் சுழல்வதால் பாத்திரத்தில் சிறு கோணல் நேரும். நேரட்டும் என்று விட்டுவிடுவார். எழுதுவதற்கு நாய் மயிரில் கட்டிய தூரிகை. பெரிய தட்டை ஒரு கையில் ஏந்தி, மறுகையில் அகப்பையை எடுத்து, மாறுபட்ட நிறத்து மெருகை ஒரே சுழற்றில் அதன்மேல் வீசி ஊற்றுவார். விழுந்த கோடு விழுந்ததுதான், திருத்தம் கிடையாது. இதைப் பார்த்த ஒருவர், பதினைந்து விநாடியில் முடிந்துபோகும் காரியமாக இருக்கிறதே என்று கேட்டதற்கு, பதினைந்து விநாடியோடு அறுபது ஆண்டுகளையும் கூட்டிக்கொள்ள வேண்டும் என்ற கருத்தில் அவர் விடை சொன்னதாக ஒரு வரலாறு வழங்குகிறது.

1925-இன் இறுதியில் யனகி, கவாய், ஹமாடா ஆகிய மூவரும் ஒன்றாகப் பிரயாணம் செய்தபோது, பொதுமக்களின் அன்றாட உபயோகத்துக்கான கைவினைகளுக்கு 'மிங்கே' என்று பெயரிட்டார்கள். அப்பெயரால் எழுந்த இயக்கம் 1936-இல் டோக்கியோவில் நாட்டுக் கைவினைக் காட்சிச்சாலையை நிறுவியது. பெயர் தெரியாத தொழிலாளி, பெருமை நாடாமல், உபயோகத்தைக் கருதி, மலிவாகவும் ஏராளமாகவும் செய்யும் பொருளிலேதான் உண்மையான அழகு குடிகொள்கிறது என்பது யனகியின் சித்தாந்தம். இதை ஒட்டி ஹமாடாவும், இங்கிலாந்தில் தாம் இட்டுவந்த முத்திரையை விட்டுவிட்டு, தம் பாத்திரங்களில் பெயர் பொறிப்பதை அறவே நிறுத்தினார். பின்னால் வருபவர்கள் என் கோணல்களை என் சீடர்களுடையவை என்றும், அவர்களுடைய நல்லவற்றை என்னுடையவை என்றும் சொல்லிவிடுவார்கள் என்று இதுபற்றி அவர் வேடிக்கையாகச் சொல்வாராம்.

இவ்விடத்தில் ஒரு முரண்பாட்டை மறைப்பதற்கில்லை. பெயரில்லாத பாத்திரம் என்று சொல்லப்பட்டாலும், அதை வைத்திருந்த மரப்பெட்டியின் மூடியில் ஜப்பானிய வழக்கப்படி அவர் கையொப்பம் இருந்தது. பெட்டியுள்ள பாத்திரத்தின் விலை சாமானியனுக்கு எட்டுவதாக இல்லை. 1955-இல் அரசாங்கம் முதன்முதலாகச் சிலரைத் தேசத்தின் உயிருள்ள செல்வங்கள் என்று பாராட்டியபோது ஹமாடாவும் அவர்களுள் ஒருவரானார். 1968-இல் கலாசார விருதும் பெற்றார். கவாயோ இவ்விரண்டையும் ஏற்க மறுத்துவிட்டார். கொள்கையைப் பற்றிமட்டும் பேசுவதானால் கவாயின் பக்கமே நேர்மை அதிகம். ஆனால் மஷிகோவின் நன்மையை நோக்கினால், ஹமாடாவின் புகழே அவ்வூர்ச் சூளைகளைக் காப்பாற்றியது. 1952-இல் இங்கிலாந்தின் டார்ட்டிங்டனில் நடந்த சர்வதேச மாநாட்டுக்கும், அதைத் தொடர்ந்து லீச், யனகி ஆகியோருடன் அமெரிக்கா முழுவதும் செய்த பிரயாணத்துக்கும் பிறகு, மஷிகோவைத் தேடி அயல்நாட்டு இளைஞர்கள் வரலானார்கள். தண்ணீர்ச் சாலும் உப்பு ஜாடியும் வாங்க ஆளில்லாது போன காலத்தில், உள்ளூர்க் குயவர்கள் உணவுத் தட்டும் பூக்குடுவையும் தேநீர்க் குவளையும் செய்து பிழைக்கக் கற்றுக்கொண்டார்கள். முதலில் இடம் கொடுத்த சகுமாவே அவ்வழியில் திரும்பிய முதல்வர். ஹமாடாவின் சீடர் ஷிமயோக்கா தட்சுசோ, ஈரமண்ணில் கயிற்றை உருட்டிப் பதித்த வடுவில் வெண்களி நிரப்பும் தமக்கேயான முறையைக் கண்டு, 1996-இல் ஆசிரியர் பெற்ற அதே பட்டத்தைப் பெற்றார். குருவின் கரும்பை எழுதாமல் தம் கயிற்றை உருட்டிய அவரே நல்ல சீடர். கரும்பை எழுதிக் கடைத்தெருவில் விற்றவர்களும் மஷிகோவில் குறைவில்லை.

மினகவா மசுவையும் காலம் முற்றிலும் மறந்துவிடவில்லை. 1938-இல் பெர்லினில் நடந்த சர்வதேசக் கைவினைக் கண்காட்சியில் அவர் எழுதிய பாண்டம் பரிசு பெற்றது. 1947-இல் மஷிகோவுக்கு வந்த சக்கரவர்த்தி, அக்கிழவியின் சித்திரத்தைக் குறித்து ஒரு சிறு கவிதை இயற்றினார். எனினும் அவர் பெயர் ஜப்பானுக்கு வெளியே அநேகமாக வழங்கவில்லை. பெயரற்ற தொழிலாளியைப் புகழ்ந்த இயக்கம் உலகத்தில் நிலைநாட்டிய பெயர்கள் யனகி, ஹமாடா, கவாய், லீச் ஆகியவையே.

ஹமாடா 1978-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் தேதி தமது 83-ஆம் வயதில் மஷிகோவிலேயே காலமானார். அதற்கு முந்திய ஆண்டில், பல நாடுகளிலிருந்து தாம் சேகரித்த பாத்திரங்களையும் துணிகளையும் மரச்சாமான்களையும் தம் வீட்டு வளாகத்திலேயே பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார். தம்மைத் தோற்கடித்த பொருள்களை எல்லாம் தேடிச் சேர்த்ததாக அவர் சொல்வார். 2011 மார்ச் மாதத்துப் பெரும் பூகம்பத்தில் மஷிகோவின் படிச்சூளைகள் பல இடிந்தன. அவருடைய எட்டறைச் சூளையும் சேதமுற்று, பிறகு செப்பனிடப்பட்டு, மீண்டும் எரிக்கப்பட்டது.

இவ்வரலாற்றின் கிளையொன்று நம் தேசத்துக்கும் நீண்டிருக்கிறது. 1919-இல் டில்லியிலிருந்து பீங்கான் தொழில் கற்க ஜப்பான் சென்ற சர்தார் குருசரண் சிங், லீச்சையும் ஹமாடாவையும் யனகியையும் கவாயையும் அங்கே கண்டு பழகினார். தாய்நாடு திரும்பிப் பல ஆண்டு உழைத்தபின் 1952-இல் டில்லியில் அவர் நிறுவிய பட்டறையிலிருந்தே இந்தியாவின் நவீனப் பீங்கான் கலை தொடங்குகிறது என்பர். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இன்னும் அணிமையான செய்தி ஒன்றுண்டு. ஹமாடாவின் வாழ்க்கையையும் தொழிலையும் நேரிலிருந்து கண்டு 1974-இல் நூலாக வெளியிட்ட அமெரிக்கப் பேராசிரியை சூசன் பீட்டர்சனுக்கு, மஷிகோவில் மொழிபெயர்ப்பாளராக உடனிருந்தவர் டெபோரா ஸ்மித். ஜப்பானில் பீஸென் என்ற ஊரில் தொழில் பயின்றவர். அங்கிருந்து அவர் புதுச்சேரிக்கு வந்து, ரே மீக்கருடன் சேர்ந்து 1971-இல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற பட்டறையைத் தொடங்கினார். அங்கே கற்றவர்கள் புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் வடநாட்டிலும் தனித்தனியே சூளை கட்டித் தொழில் செய்கிறார்கள்.